பரிசோதனைக் களங்கள்: ரவாங் முதல் விக்கி வரை

மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்ட இடம் எது என்று கேட்டால், கோலாலம்பூரின் அகன்ற வீதிகளையோ, பினாங்கின் துறைமுகத்தையோ, ஆங்கிலேய ரெசிடெண்டின் மாளிகையையோ நினைப்பவர்களே அதிகம். ஆயினும், பதிவான சரித்திரத்தின் வரையில், அந்தப் பெருமை கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ரவாங் என்னும் நம் ஊருக்கே உரியது. 1894ஆம் ஆண்டில், இங்கே ஈயச் சுரங்கங்களை நடத்திவந்த லோக் இயூ என்ற சீனப் பெருவணிகரும், கோலாலம்பூர்த் தமிழ்ச் சமூகத்தின் தலைவராக விளங்கிய தம்புசாமிப் பிள்ளையும், சுரங்க வேலைக்காக மின்னாக்கி யந்திரம் ஒன்றை வருவித்து நிறுவினார்கள். 1850இல் சிங்கப்பூரில் பிறந்து, 1875இல் ரெசிடெண்ட் டேவிட்சனோடு சிலாங்கூருக்கு எழுத்தராக வந்து, அரசாங்கப் பணியில் உயர்ந்து, பின்னர் வணிகத்திலும் சுரங்கத் தொழிலிலும் பொருளீட்டி, மகாமாரியம்மன் கோயிலுக்கும் பத்துமலைக்கும் விக்டோரியா கல்வி நிலையத்துக்கும் காரணகர்த்தாக்களில் ஒருவராக நின்ற அந்த மனிதர், ஒரு புதிய சக்தியைத் தாமே முன்வந்து பரிசோதித்துப் பார்த்தார் என்பது, கோயில் திருப்பணிகளைப் போலவே நினைவில் வைக்கத்தக்க செய்தி. அதற்கு அடுத்த ஆண்டில் கோலாலம்பூர் ரயில் நிலையமும், 1900இல் ரவுப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாம் நீர்மின் நிலையமும், 1904இல் பினாங்கு நகரமும் மின்சாரம் பெற்றன. ஊரார் எல்லோரும் உபயோகிப்பதற்கு முன்னால், ஒதுக்குப்புறமான ஒரு சுரங்கத்தில் அது சிறிய அளவில் ஓடி, பயனையும் பழுதையும் காட்டிவிட்டது.

வடசிலாங்கூரின் சரித்திரத்தைக் கூர்ந்து பார்க்கிறவனுக்கு இப்படிப்பட்ட பரிசோதனைக் களங்கள் அடிக்கடி எதிர்ப்படும். கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பத்தாங் பெர்ஜுந்தாயில், தமிழ்ப் பெயர் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டார்; பின்னாளில் மலாயா வாழ்க்கையைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. அதற்குமுன் அலங்காரச் செடியாக மட்டும் இந்நாட்டில் அறியப்பட்டிருந்த செம்பனை, இன்று ரவாங்கிலிருந்து கடற்கரை வரை மலைச்சரிவுகளையும் சமவெளிகளையும் மூடியிருப்பதற்கு மூலம் அந்தத் தோட்டம். ரப்பரின் கதையும் அத்தகையதே. 1925இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் சட்டபூர்வமாக ஸ்தாபிக்கப்பட்ட பிறகு, நமக்குத் தெற்கே சுங்கை பூலோவில் அதன் பரிசோதனைத் தோட்டம் அமைந்தது. ஒரு மரத்தின் பூவிலிருந்து மற்றொரு மரத்தின் பூவுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, நாற்று வளர்த்து, அவற்றுள் வீரியமுள்ளதைத் தேர்ந்து ஒட்டுக்கட்டி, சிறு பாத்திகளில் நட்டு, ஐந்தாறு வருஷங்கள் காத்திருந்து பால் வெட்டிப் பார்த்து, அதன்பின் பெரும்பரப்பில் மறுபடியும் நட்டுப் பார்த்து, இத்தனை சோதனைகளிலும் தேறிய இனத்தை மட்டுமே தோட்டங்களுக்குச் சிபாரிசு செய்வது அங்கே நிலவிய முறை. உலகெங்கும் புகழ்பெற்ற 600ஆம் எண் ஒட்டுரகம் அந்த முறையில் பிறந்ததுதான்.

அந்தக் களங்களில் உழைத்தவர்களில் பெரும்பான்மையோர் நம்மவர்கள் என்பதைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தைக் கடந்துவிட முடியாது. காட்டை அழித்ததும், குழி வெட்டியதும், இருட்டு விலகுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போனதும், எந்த மரத்தில் எவ்வளவு பால் இறங்குகிறது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்து சொன்னதும் தமிழர்களே. ஆனால் எதைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது, சோதனை தேறியதா தோற்றதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் துரைமாரிடமும் விஞ்ஞானிகளிடமும் இருந்தது. கங்காணிக்கும் கிராணிக்குங்கூட அதில் பங்கில்லை. தம்புசாமிப் பிள்ளையைப் போன்ற ஒரு சிலரைத் தவிர்த்தால், பரிசோதனைக் களத்தின் வாசல்வரை வந்து உழைத்த சமூகம் அதன் முடிவுகளைக் கேட்டுக்கொள்ளும் சமூகமாகவே இருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, வேறொரு தொழிலில், அந்த நிலைமை மாறிய விதத்தைச் சொல்வதே என் நோக்கம். கணினித் துறையில் விக்கி மென்பொருள் என்று வழங்கும் ஒன்றுக்கு நீட்சிகளை இயற்றி, அவற்றைச் சோதித்துப் பார்ப்பதற்கான சூழலை அமைக்கும் கலையே அந்தத் தொழில்.

விக்கி என்பது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வலைப்பக்கம்; அந்த எண்ணத்தை, 1995 மார்ச் 25ஆம் தேதி, அமெரிக்காவைச் சேர்ந்த வார்ட் கன்னிங்ஹாம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது, அது பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய நிரலின் மேல் ஓடிற்று. பக்கங்களும் வாசகர்களும் பெருகவே அந்தச் சிறிய நிரலால் தாங்க முடியவில்லை. மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் பிஎச்பி மொழியில் புதிதாக இயற்றிய நிரல் 2002 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டின் நடுவில் லீ டேனியல் குரோக்கர் அதை மேலும் உறுதியாகத் திருத்தி எழுதினார். 2003இல் மீடியாவிக்கி என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அக்காலத்தில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்பியவர் மூலநிரலின் உள்ளேயே கை வைக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில், மூலநிரலின் குறிப்பிட்ட இடங்களில் கொக்கிகள் அமைக்கப்பட்டு, வெளியிலிருந்து எழுதப்படும் நிரல் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்துவிட்டு விலகும் ஏற்பாடு உண்டாயிற்று. இதையே நீட்சி என்கிறோம். பிற மென்பொருள்களில் சொருகி என்பார்கள். அடிக்குறிப்புகளை வரிசைப்படுத்துவதும், வார்ப்புருக்களில் நிபந்தனைக் கணக்குகள் போடுவதும், பழைய நூலின் பக்கப் படத்தையும் அதன் எழுத்துவடிவத்தையும் அருகருகே வைத்து மெய்ப்புப் பார்க்கச் செய்வதும் நீட்சிகளின் பணியே.

தமிழ் இந்த உலகத்துக்குள் நுழைந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்ற தமிழ்ச் செயலியை உருவாக்கத் தொடங்கிவிட்டார். இந்நாட்டின் பத்திரிகைகளும் பள்ளிகளும் கணினித் தமிழை அறிந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. தொண்ணூறுகளில், ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை என்ற குழப்பம் நிலவியபோது, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர், பல நாட்டுத் தமிழர்களோடு கலந்து, திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கு அங்கீகாரம் பெற்றுத் தந்தது. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. 2001இல் அடுத்த மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இந்தப் பிரயத்தனங்களின் பின்னணியிலேதான் 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து, யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அதை ஏறக்குறையத் தனியாளாக நின்று வளர்த்தார். ஆங்கில விக்கிப்பீடியாவே 2005 வரையில் மேலைநாட்டு எழுத்துகளுக்கான பழைய குறியீட்டில் இருந்தபோது, தமிழ் விக்கிப்பீடியா எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் தொடங்கியது ஒரு நற்பேறு.

ஒருங்குறியில் தொடங்கினால் மட்டும் போதாது என்பது விரைவிலேயே தெரிந்தது. மென்பொருளை இயற்றியவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆனால் அவர்களுடைய பரிசோதனைக் களத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்தொன்றுக்கு ஒரே பைட்டு என்ற எண்ணம் நிரலின் மூலைமுடுக்குகளில் ஒளிந்திருந்தது. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ரவாங் என்பது படிக்கிற கண்ணுக்கு ர, வா, ங் என்ற மூன்று எழுத்து. கணினிக்கோ ரகரம், வகரம், கால், ஙகரம், புள்ளி என்று ஐந்து குறியெண்கள். அவை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது குறியெண்ணுக்கு மூன்றாகப் 15 பைட்டுகள். ஆங்கிலத்தில் அதே பெயர் ஆறு எழுத்து, ஆறே பைட்டு. ஒரு நீட்சியை எழுதியவர், பட்டியலில் இடம் போதாவிட்டால் தலைப்பைப் பத்தாவது பைட்டோடு வெட்டிவிடு என்று கட்டளையிட்டிருந்தால், ஆங்கிலப் பெயர் முழுதாகத் தப்பிவிடும். தமிழ்ப் பெயரோ ‘ரவா’ என்று நின்று, அதன்பின் எந்த எழுத்தும் ஆகாத ஒரு துண்டைச் சுமந்து, திரையில் கறுப்புக் கட்டமாகத் தோன்றும். பைட்டைக் கணக்கிடாமல் குறியெண்ணைக் கணக்கிட்டு நான்கோடு வெட்டினாலும், புள்ளி உதிர்ந்து ஙகரம் உயிர்மெய்யாக நிற்கும். மீடியாவிக்கியில் பக்கத் தலைப்பின் எல்லை 255 பைட்டுகள். ஆங்கிலத்துக்கு 255 எழுத்துக்கு இடந்தருகிற அந்த எல்லை, தமிழுக்கு 85 குறியெண்களோடு முடிந்துபோகிறது. தொகுப்புச் சுருக்கம் எழுதும் பெட்டியிலும் 2018 வரை இதே எல்லை இருந்தபடியால், ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிய இடத்தில் தமிழர் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது.

அகரவரிசையில் நேர்ந்த கோளாறு இன்னும் நுட்பமானது. ஒருங்குறி அட்டவணையில் தமிழ் மெய்கள், பிற இந்திய மொழிகளுக்கு இணையான இடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் ஜகரம் வருகிறது, நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன, லகரத்துக்குப் பின் ளகரமும் ழகரமும் வந்து, வகரம் அவற்றுக்கும் பின்னே தள்ளப்படுகிறது. புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்டதாகையால், அகராதியில் ‘பகல்’ என்பதற்கு முன் வரவேண்டிய ‘பக்கம்’ பின்னே போய்விடும். மொழிக்கேற்ற வரிசையைக் கற்பிக்கும் ஏற்பாடு 2011 வாக்கில் மீடியாவிக்கியில் சேர்ந்தது. ஆனால் நீட்சி எழுதுகிறவர் அந்த ஏற்பாட்டைக் கேளாமல் தாமாகவே ஒரு பட்டியலை வரிசைப்படுத்தினால், பழைய குழப்பம் மீண்டும் தலையெடுக்கும். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தின் விஷயமோ எல்லாவற்றிலும் விசித்திரமானது. 2005இல் ஒருங்குறியில் ஶகரம் சேர்க்கப்பட்ட பிறகு, அந்த வடிவத்தை ஸகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம், ஶகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம் என்று ஆயிற்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. தம்புசாமிப் பிள்ளை கட்டிய கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் பெயரை ஒருவர் ஒரு விதமாகத் தட்டச்சிட்டுப் பக்கம் தொடங்க, மற்றொருவர் மறுவிதமாகத் தேட, இல்லை என்று மென்பொருள் விடை சொன்னால், அது யாருடைய குற்றம்? தேடல் நீட்சியைச் சோதித்தவருக்கு ஸ்ரீ என்ற எழுத்தே தெரியாது.

தட்டச்சுக் கருவிகளின் சரித்திரத்திலேதான் மாற்றம் முதலில் தென்பட்டது. இந்திய மொழி விக்கிகளில், விசைப்பலகைச் செயலி இல்லாத வாசகரும் தம் மொழியில் எழுதும்பொருட்டு, ஆர்வலர்கள் ஜாவாஸ்கிரிப்டுத் துணுக்குகளை இயற்றித் தளத்தின் பொதுப் பக்கத்திலேயே சேர்த்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பிறை அடைப்பு விடுபட்டாலும் அன்று அந்த விக்கிக்கு வந்த வாசகர் அனைவரையும் அது பாதிக்கும். பரிசோதனைக் களமும் பொது வீதியும் ஒன்றாக இருந்த காலம் அது. கேரளத்து ஜுனைது என்ற இளைஞர் அத்தகைய துணுக்கைச் சீர்படுத்தி நாராயம் என்னும் நீட்சியாக்கினார். அது 2011இல் தமிழ் உள்ளிட்ட பல விக்கிகளில் நிறுவப்பட்டது. 2013இல் அதன் இடத்தை, பல மொழிகளுக்கும் பொதுவான மொழித்தேர்வு நீட்சி ஏற்றது. அதன் உள்ளே இயங்கும் விசைப்பலகை நூலகத்தில் தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு, பாமினி, இன்ஸ்கிரிப்டு ஆகியவை இடம்பெற்றன.

நான் இங்கே வியந்து நிற்பது விசைப்பலகைகளைக் கண்டு அல்ல; அவற்றோடு கூடவே எழுதிவைக்கப்பட்ட சோதனை வரிகளைக் கண்டு. இன்னின்ன விசைகளை இந்த வரிசையில் அழுத்தினால் இன்ன எழுத்து தோன்ற வேண்டும் என்று அட்டவணை எழுதி, மென்பொருளில் எவர் எந்த மாற்றம் செய்தாலும், யந்திரமே அந்த விசைகளை அழுத்தி, வந்த விடையை எழுதிவைத்த விடையோடு ஒப்பிட்டு, பொருந்தாவிடில் அந்த மாற்றத்தை நிறுத்தி வைக்கிறது. தமிழ்99இல் ககர விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால், புள்ளியை நாம் இடாமலே ‘க்க’ என்று வர வேண்டும்; ஙகரத்தை அடுத்துக் ககரம் அழுத்தினால் ‘ங்க’ என்று வர வேண்டும். இது தமிழின் மெய்ம்மயக்க இயல்பை அறிந்தவர்கள் 1999இல் வகுத்த விதி. சுவீடனிலோ இஸ்ரேலிலோ இருக்கும் ஒரு நிரலாளருக்கு இதன் இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. சோதனை வரி அவரைக் காத்துக்கொள்ளும். தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் வாயாலும் ஏட்டாலும் காத்துவந்த ஒரு நியதி, உலகத்துக்குப் பொதுவான நிரலின் சோதனைக் கூடத்தில் சட்டமாக ஏறிவிட்டது என்பதை எண்ணும்போது, எனக்கு அது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

இனி, அந்தச் சோதனைச் சூழலை ஒருவர் தம் வீட்டில் அமைத்துக்கொண்ட விதம் காலந்தோறும் மாறிய கதையைச் சொல்கிறேன். முற்காலத்தில் வலை வழங்கி, பிஎச்பி, தரவுத்தளம் மூன்றையும் தனித்தனியே தேடி நிறுவ வேண்டும். ஒன்றின் பதிப்பு மற்றொன்றோடு ஒத்துப்போகாது. 2002இல் வெளிவந்த ஸாம்ப் என்ற பொதி இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டித் தந்தபோது, மாணவர்களுக்குக்கூட வழி திறந்தது. மூட்டையை அவிழ்த்து, அதனுள் மீடியாவிக்கியின் பிரதியை வைத்து, உலாவியில் நிறுவுதலை நடத்தி, முடிவில் கிடைக்கும் உள்ளமைவுக் கோப்பைக் கோப்புறையில் இட்டால், ஒருவருக்கே சொந்தமான விக்கி ஒன்று அவருடைய மேசையின் மேல் உயிர்பெறும். நீட்சிகளுக்கான கோப்புறையில் தம் நிரலை வைத்து, உள்ளமைவுக் கோப்பில் ஒரு வரியால் அதை அழைத்தால் அது வேலை செய்யத் தொடங்கும். ஆனால் தமிழருக்கு அங்கேயும் ஓர் இடர் காத்திருந்தது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் சுவீடனில் பிறந்ததாகையால், நெடுங்காலம் அதன் இயல்பான எழுத்துக்குறியீடு மேலைநாட்டு லத்தீனமாகவும், இயல்பான அகரவரிசை சுவீடிய வரிசையாகவும் இருந்தன. 2018இல் வந்த எட்டாம் பதிப்பிலேதான் ஒருங்குறி இயல்பாயிற்று. மீடியாவிக்கி தன் அட்டவணைகளை எச்சரிக்கையாக அமைத்துக்கொண்டது. நீட்சி எழுதியவர் தம் அட்டவணைக்கு அந்த எச்சரிக்கையைக் குறிப்பிட மறந்தாலோ, உள்ளிட்ட தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளின் வரிசையாகத் திரும்பி வரும். அப்படி அழிந்த எழுத்தை மீட்க வழியில்லை. பொது விக்கியில் இது நடந்திருந்தால் எத்தனை பேருடைய உழைப்பு கரைந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், தனிச் சோதனைச் சூழலின் அருமை விளங்கும்.

2012ஆம் ஆண்டு இத்தொழிலில் ஒரு திருப்பம். மார்ச் மாதத்தில் மீடியாவிக்கியின் மூலநிரல் கிட் என்ற பதிப்பாளுகை முறைக்கு மாறிற்று. ஒவ்வொரு மாற்றத்தையும் பிறர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே சேர்ப்பது என்ற நியமம் கெர்ரிட் என்ற கருவியால் நிலைபெற்றது. அதே மாதத்தில் சென்னையில் விக்கி நிரலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் முன்னின்ற சென்னை இளைஞர் யுவராஜ் பாண்டியன், யுவிபாண்டா என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டு, பின்னர் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பொறியாளராகி, தன்னார்வலர்கள் தம் கருவிகளை இலவசமாக ஓட்டிப் பார்ப்பதற்கான பொதுக் கணினிக் கூடத்தைப் பராமரிப்பவர்களில் ஒருவரானார். விக்கியின் தரவுத்தளத்தை உலாவியிலிருந்தே யாரும் வினவ உதவும் குவாரி 2014இல் அவர் கையால் வந்தது. சுங்கை பூலோவில் பாத்தி வெட்டியவர்களுடைய இனத்தில் பிறந்த ஒருவர், உலகத்துக்கெல்லாம் பொதுவான பரிசோதனைக் களத்தைத் தாமே பேணும் இடத்துக்கு வந்தார் என்று இதை நான் எழுதும்போது, மனம் நிறைகிறது. திருத்தங்கள் பொது விக்கிகளுக்குப் போகுமுன் ஓடிப் பார்க்கும் முன்னோட்டக் கூடமும் அந்தக் காலத்திலேயே உருப்பெற்றது.

அதனை அடுத்து ஓரி லிவ்னே என்பவர் வேக்ரண்ட் என்ற கருவியைக் கொண்டு ஒரு புதிய வசதியைச் செய்து தந்தார். கணினிக்குள்ளே மற்றொரு மாயக் கணினியை எழுப்பி, அதற்குள் விக்கியையும் வேண்டிய நீட்சிகளையும் ஒரே கட்டளையில் நிறுவி, சோதனை முடிந்ததும் முழுவதையும் அழித்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்க அது வழி செய்தது. தரவிறக்க வேண்டிய பொதி மிகப் பெரிது. தோட்டப்புறங்களின் இணைய வேகத்தில் அது இலகுவான காரியமாக இருந்ததில்லை. பின்னர் டாக்கர் என்ற கொள்கலன் முறை வந்து, மாயக் கணினியின் பாரத்தைக் குறைத்தது. காட்சித் தொகுப்பான் என்ற நீட்சிக்கு, முன்பு நோட் இயங்குசூழலில் தனியாக ஓடும் பார்சாய்டு சேவை ஒன்றையும் நிறுவ வேண்டியிருந்தது; சிறிய விக்கிகளை நடத்தியவர்கள் பலர் அந்த வாசலிலேயே திரும்பினார்கள். 2020இல் வெளிவந்த 1.35 பதிப்பில் அது மென்பொருளோடு இணைந்தே வரத் தொடங்கிற்று. பதிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு எதுவோ, நீட்சியின் கிளையும் அதற்கே உரியதாக இருக்கட்டும், புதிய நீட்சியைப் பழைய விக்கியில் மாட்டுவதால் விளையும் தொல்லைகள், நிரலின் பிழை என்று தவறாக எண்ணப்பட்டு, மிகுந்த காலத்தை விழுங்கியிருக்கின்றன.

விக்கிப்பீடியாவுக்கு வெளியிலும் இந்த மென்பொருளைத் தமிழர் கையாண்டிருக்கிறார்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கி, மீடியாவிக்கியையே தன் பட்டியலுக்கு ஆதாரமாகக் கொண்டது. ஜெயமோகன் முதலியோர் 2022 மே மாதத்தில் தொடங்கிய தமிழ் விக்கியும் அதன் மேலேயே இயங்குகிறது, அதில் மலேசிய இலக்கியத்தைப் பற்றிய பதிவுகளும் உண்டு. நூல்களுக்கான விக்கிமூலத் தளத்துக்காகச் சென்னையைச் சேர்ந்த த. சீனிவாசன் 2015இல் இயற்றிய எழுத்துணரி நிரல், அச்சுநூல்களின் பக்கப் படங்களைக் கூகுளின் உதவியால் எழுத்தாக மாற்றிப் பக்கம் பக்கமாக விக்கியில் ஏற்றியது. நூலகத்தையும் தமிழ் விக்கியையும் போலத் தனியே விக்கி நடத்துபவர்களுக்குப் பெரிய நிறுவனங்களின் காவல் இல்லை. ஒரு நீட்சியைப் புதுப்பிப்பதற்கு முன், தளத்தின் முழுப் பிரதியை வேறு கணினியில் எடுத்து, அதில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பாதுகாப்பில்லை.

நம் பக்கத்துப் பெயர்களைப் போல் நீட்சிகளைச் சோதிக்கத் தகுந்த சொற்கள் அரியன. ‘தேசியவகை ரவாங் தமிழ்ப்பள்ளி’ என்பது இடைவெளிகளோடு 77 பைட்டுகள்; அதே வகைப் பெயருடன் ஒரு தோட்டத்தின் நீண்ட பெயரும் ஊரும் சேர்ந்தால் தலைப்பு எல்லையை நெருங்கும். பத்தாங் பெர்ஜுந்தாயில் ஜகரம் இருக்கிறது. அந்த ஊர் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டபடியால் வழிமாற்றுகளைச் சோதிக்கவும் உதவும். மலாய்ப் பெயரைத் தமிழில் எழுதும்போது பத்தாங், பாத்தாங் என இரு விதமாகவும், கோலசிலாங்கூர், கோலா சிலாங்கூர் எனச் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறோம். தேடல் நீட்சி எதுவாயினும் இவற்றை எதிர்கொண்டே ஆக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இக்காலத்தில், சுங்கை பூலோ பரிசோதனைத் தோட்டத்தின் நிலமே குவாசா டாமன்சாரா என்னும் நகரமாக மாறிவரும் நாளில், லயங்களின் பெயரும் பிரிவுகளின் பெயரும் எழுத்தில் நிற்பதற்கு விக்கி ஒரு முக்கியமான இடம்; அந்த எழுத்து உடையாமல் நிற்பது நீட்சிகளைச் சோதிப்பவர்களின் கையில் இருக்கிறது.

இப்போதோ வீட்டில் எதையும் நிறுவாமலே சோதிக்கும் வழியும் வந்துவிட்டது. பேட்ச் டெமோ என்ற தளத்தில் விக்கிமீடியா கணக்கோடு புகுந்து, கெர்ரிட்டில் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் திருத்தத்தின் எண்ணைக் கொடுத்தால், அத்திருத்தம் பொருத்தப்பட்ட தனி விக்கி ஒன்று உலாவியிலேயே எழுந்து நிற்கிறது. ரவாங்கிலோ செரண்டாவிலோ உள்ள பள்ளி மாணவர் ஒருவர் அதில் தம் பள்ளியின் பெயரைத் தலைப்பாக இட்டுப் பக்கம் தொடங்கி, பகுப்பில் சேர்த்து, தேடிப் பார்த்து, பழுது கண்டால் எந்த எழுத்தில் எப்படிப் பழுது நேர்ந்தது என்பதைப் பேப்ரிக்கேட்டர் என்ற குறைப்பதிவேட்டில் எழுதலாம். அக்குறை திருத்தப்படும்போது அதே பெயர் சோதனை வரியாகவும் சேர்க்கப்படுமானால், அதற்குப் பின் எந்த நாட்டு நிரலாளர் செய்யும் மாற்றமும் அந்தப் பள்ளியின் பெயரைச் சரியாக எழுதிக் காட்டிவிட்டுத்தான் பொது விக்கிக்குள் நுழைய முடியும்.